அப்பா இரண்டாவது முறை ஏறிய விமானம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். இந்தத் தடவை எல்லோரும் என்று எழுதும்போது அதில் ஓர் ஆள் கூடியிருக்கிறது, அதை நினைத்தாலே எனக்குப் பேனா வேகமாக ஓடுகிறது. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்தி, உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் போதாதா, எதற்கு இத்தனை பக்கம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அப்படி இல்லை, இப்படித்தான் என்று போனைப் பிடுங்கிக்கொள்கிறார். அவர் சொல்லச் சொல்லத் தீ வளர்ந்துகொண்டே போகிறது. உன்னிடம் சொன்னபோது ஆள் உயரம் இருந்தது, போன வாரம் பால்காரரிடம் சொன்னபோது விமானத்தின் கூரையைத் தொட்டுவிட்டது. நீயும் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, முழுசா என்ன நடந்துச்சுன்னு யாராவது ஒழுங்கா சொல்லுங்களேன் என்று அழுதாயாம், உன் அண்ணன் சொன்னான். அதனால் கண்ணு மூக்கு காது வைக்காமல் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்த கதை, அதனால் பயப்படாமல் படி.

உன் அண்ணனிடமிருந்து போன் வந்தபோது நான் கடையில் ஒரு செல்போனின் முதுகைக் கழற்றி விளக்கடியில் வைத்திருந்தேன். அவன் குரலே சரியாக இல்லை. "அம்மா, குழந்தை பொறந்துட்டாம்மா. ரொம்ப முன்னாடியே வந்துட்டா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க" என்றான். உன் அண்ணிக்கு ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி, இனிமேல் காத்திருந்தால் தாய்க்கும் ஆபத்து பிள்ளைக்கும் ஆபத்து என்று அவசரமாக ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அண்ணி இன்னும் கண் விழிக்கவில்லை, குழந்தை அவன் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது, பக்கத்தில் ஒரு மனுஷர் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கழற்றிய போனை அப்படியே ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு நேராக அப்பா பஸ் நிறுத்தும் இடத்துக்குப் போனேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நாளைக்கு விமானத்துல போறேன், ரயில்ல போனா ரெண்டு ராத்திரி ஆகும், நீங்க பின்னாடி ரயில்ல வாங்க என்று சொன்னேன். உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம். நீ அந்த ஊருக்குப் போன நாளிலிருந்து, வாங்க வாங்க என்று நீ கூப்பிடும்போதெல்லாம், ஸ்டீயரிங் என் கையில இல்லாத வண்டி, அதுவும் தரையில ஓடாத வண்டி, எனக்கு ஒத்துவராது என்று ஒரே பதிலைச் சொன்ன மனுஷர். பஸ்ஸைச் சுற்றி ஒரு நடை நடந்தார், ஒவ்வொரு டயரையும் காலால் தட்டினார், திரும்பி வந்து, "எனக்கும் சேத்தே போட்டுடு" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கேஸ் அடுப்பின் குமிழைத் திருகிப் பார்த்தார், கதவைப் பூட்டிவிட்டு மறுபடி திறந்துபோய் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பார்த்தார்.

விமான நிலையத்தில் அவர் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி வழியாக விமானத்தைப் பார்த்துவிட்டு, இதோட டயர் நம்ம பஸ் டயரைவிடச் சின்னதா இருக்கே என்றார். உள்ளே போய் உட்கார்ந்ததும் இடுப்புப் பட்டையை இழுத்துக் கட்டினார் பார், மூச்சு விட இடம் வைத்தாரா என்று எனக்குச் சந்தேகம். பணிப்பெண் நின்று, கதவு எங்கே இருக்கிறது, முகமூடி எப்படி மாட்டுவது என்று காட்டும்போது மற்றவர்கள் போனைத் தடவிக்கொண்டும் கொட்டாவி விட்டுக்கொண்டும் இருந்தார்கள், உன் அப்பா மட்டும் பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்திக் கேட்டார். பின்னால் திரும்பி, கதவுக்கு எத்தனை வரிசை என்று விரலால் எண்ணி வைத்துக்கொண்டார். அந்தப் பெண் நல்ல உயரம், தலைமுடியை ஒரு முடி விலகாமல் இழுத்துக் கட்டியிருந்தாள். இவர் கேட்பதைக் கவனித்து இவரைப் பார்த்தே மீதியைச் செய்து காட்டினாள். விமானம் கிளம்பியதும் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தவர் மேகத்துக்கு மேலே போய் வெகு நேரம் ஆகியும் விடவில்லை. முகத்தில் ஈ ஆடவில்லை. நான் ஜன்னல் பக்கம், அவர் நடைபாதை ஓரம், நடு இருக்கை காலி. அந்தக் காலி இருக்கையைத் தாண்டி என் கையைப் பிடித்திருந்தார்.

சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு அந்த வாசனை வந்தது. உனக்குத் தெரியும், சின்ன வயதில் கடையில் வந்து உட்கார்ந்தால், என்னம்மா இனிப்பா நாத்தம் அடிக்குது என்று மூக்கைப் பொத்துவாயே, அதே வாசனை. நகப்பூச்சு அழிக்கிற திரவத்துக்கும் அழுகப்போகிற பழத்துக்கும் நடுவில் ஒன்று. உப்பிப்போன பேட்டரி வாய் திறக்கப் போகிறது என்றால் அப்படித்தான் இருக்கும். கடையில் என்றால் கிடுக்கியால் எடுத்து மணல் வாளியில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். வானத்தில் என்ன செய்வது. யாரோ நகத்துக்கு எதையோ தடவுகிறார்கள் என்று முதலில் மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். சுற்றிப் பார்த்தால் யாரும் நகத்தைத் தொடவில்லை. வாசனை கூடியது.

உண்மையைச் சொல்கிறேன் கண்ணு, அந்த மணியை அழுத்த எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கடையில் தினமும் சொல்கிறேன், இந்த பேட்டரி உப்பியிருக்கு, இன்னிக்கே மாத்திடுங்க என்று. பத்துப் பேரில் எட்டுப் பேர், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிக்கிறேன்க்கா என்று சிரித்துவிட்டுப் போவார்கள். என் கடையிலேயே என் பேச்சு எடுபடாதபோது, இவ்வளவு பெரிய விமானத்தில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சும் ஒரு பொம்பளை சொன்னால் யார் கேட்பார்கள் என்று தோன்றியது. அப்பா என் முகத்தைப் பார்த்து, "என்ன?" என்றார். சொன்னேன். அவருக்கு இருந்த பயத்தில் மயங்கி விழுவார் என்று நினைத்தேன். அவரோ, "அழுத்து. அப்புறம் யோசிக்கலாம்" என்று அவரே கையை நீட்டி மணியை அழுத்திவிட்டார்.

அந்த உயரமான பெண்தான் வந்தாள். "எங்கேயோ ஒரு பேட்டரி கெட்டுப்போகுதும்மா. நான் செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், எனக்கு இந்த வாசனை தெரியும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அது ஒன்றும் இல்லைங்க, ஏசி வாசனையா இருக்கும் என்று சொல்லவில்லை. அப்படியே குனிந்து மூச்சை இழுத்தாள், "எந்தப் பக்கத்திலேருந்து வருதுன்னு சொல்ல முடியுமாம்மா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. நான் எழுந்து முன்னால் சாய்ந்தேன். எங்களுக்கு முன் வரிசையில், நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஒரு பையன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் ஒரு துணிப்பை, அதிலிருந்து ஒரு வயர் அவன் மடியில் இருந்த போனுக்கு வந்தது. அங்கே என்று கையைக் காட்டினேன். காட்டின கையைக் கீழே போடுவதற்குள் பையின் வாயிலிருந்து நூல் மாதிரி ஒரு வெள்ளைப் புகை எழுந்தது.

அந்தப் பெண் அவன் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கி எழுப்பினாள். "எழுந்து என் பின்னாடி வாங்க, பையைத் தொடாதீங்க" என்றாள். அவன் தூக்கக் கலக்கத்தில் பையைத்தான் எடுக்கப் போனான், விரல் சுட்டுக்கொண்டு கையை உதறினான். அதற்குள் சீறல் சத்தம் கேட்டு, பை தீப்பிடித்தது. தீ முழங்கால் உயரம் இருக்கும், அதற்கு மேல் இல்லை, அப்பா என்ன சொன்னாலும் நம்பாதே. ஆனால் புகை மோசம். ஒரு நொடியில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சிலர் மேலே உள்ள பெட்டிகளைத் திறந்து பையை இழுக்கிறார்கள், சிலர் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள், பின்னால் இருந்தவர்கள் முன்னால் வர, முன்னால் இருந்தவர்கள் பின்னால் வர, நடைபாதை அடைத்துக்கொண்டது. தீயணைப்பானோடு ஓடிவந்த இன்னொரு பணியாளர் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் உன் அப்பா எழுந்து நின்றார். என் கையை எப்போது விட்டார் என்று எனக்குத் தெரியாது. அந்த முகத்தை நான் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், விமானத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. "பையை விடுங்க" என்றார். கத்தவில்லை. பிள்ளைகளைப் பஸ்ஸிலிருந்து இறக்கும்போது பேசுவாரே, அதே குரல். "பையை யாரும் எடுக்க வேண்டாம். இந்த வரிசைக்கு முன்னாடி உள்ளவங்க எல்லாரும் முன்னாடி போங்க. பின்னாடி உள்ளவங்க பின்னாடி. ஓடாதீங்க. நடுவுல வழி விடுங்க, தீயணைக்கிறவர் வரணும்." கோட்டுப் போட்டவர்களும் தாடி வைத்தவர்களும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி கேட்டார்கள். ஒருவர் மட்டும், நீ யாருய்யா சொல்றதுக்கு என்று ஆரம்பித்தார், அப்பா அவர் தோளில் மெதுவாகக் கை வைத்து, "சார், நீங்க அந்தப் பெரியம்மாவைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டார், அவரும் கூட்டிக்கொண்டு போனார். வழி திறந்தது. தீயணைப்பான் வந்துவிட்டது. அந்த உயரமான பெண் தலையில் புகைக்கு ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு அடித்தாள், தீ படுத்துவிட்டது. பேட்டரித் தீயை அணைத்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் சூடு தணியவில்லை என்றால் மறுபடி பிடிக்கும், அதைச் சொல்ல வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள், தண்ணி, இருக்கிற தண்ணி எல்லாம் கொண்டு வாங்க என்று கேட்டுவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. பின்னால் இருந்து பாட்டில் பாட்டிலாகக் கை மாறி வந்தது, நானும் வாங்கி வாங்கிக் கொடுத்தேன், அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அது இரண்டு தடவை உறுமியது, பிறகு அடங்கியது. அடங்கிய பிறகும் அவசரப்படவில்லை, நன்றாக ஆறவிட்டுத்தான் தண்ணீர் நிறைந்த ஒரு பாத்திரத்துக்கு மாற்றினார்கள். "ஐயா, நீங்க இங்கேயே நின்னு யாரும் இந்தப் பக்கம் வராம பாத்துக்குங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் காவல்காரர் மாதிரி நின்றார்.

கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். தீ அணைந்துவிட்டது, இருந்தாலும் பக்கத்தில் உள்ள விமான நிலையத்தில் இறங்கப் போகிறோம், எல்லோரும் உட்காருங்கள் என்று, பேருந்து நிறுத்தத்தைச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு குழந்தைகூட அழவில்லை. சக்கரம் தரையில் பட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள், பக்கத்து வரிசைக்காரர் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். படியில் இறங்கும்போது தீயணைப்பு வண்டிகள் வரிசையாக நின்றன. அத்தனை அமளியிலும் உன் அப்பா குனிந்து விமானத்தின் டயரைப் பார்த்தார். பெருசுதான், தூரத்திலேருந்து பாத்தா சின்னதா தெரியுது என்று சொல்லிவிட்டுத்தான் நடந்தார்.

கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள், டாக்டர் வந்து பார்த்தார். அந்தப் பையன் ஒரு மூலையில் கட்டுப்போட்ட விரலோடு தனியாக உட்கார்ந்திருந்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவனைத் திட்டிவிட்டுப் போனார்கள். அப்பாவும் திட்டப் போகிறார் என்று நான் பின்னாலேயே போனேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வீட்டுக்குப் பேசிட்டியா?" என்று கேட்டார். போனும் பை மேல விழுந்து எரிஞ்சு போச்சுங்க என்று அவன் அழ ஆரம்பித்தான். அப்பா தன் போனை எடுத்துக் கொடுத்தார். அவன் அம்மாவிடம் பேசி முடித்த பிறகு, பைக்குள் இருந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்கைப் பற்றி நான் மெதுவாகக் கேட்டேன். கீழே விழுந்து ஒரு பக்கம் நசுங்கியிருந்ததாம், வேலை செய்யுதேன்னு வச்சிருந்தேன் ஆன்ட்டி என்றான். வேலை செய்யறது வேற, நல்லா இருக்கறது வேற என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல மனசு வரவில்லை, என் தேநீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வேறொரு விமானம் ஏற்பாடு செய்கிறோம், ஏற விருப்பம் இல்லாதவர்களைச் சாலை வழியாக அனுப்புகிறோம் என்று அறிவித்தார்கள். நிறையப் பேர் சாலைக்குப் பெயர் கொடுத்தார்கள். சாலையில் போனால் மறுநாள் மத்தியானம்தான் போய்ச் சேரலாம். உன் அண்ணனுக்குப் போன் செய்தேன், அண்ணி கண் விழித்துவிட்டாள், குழந்தைக்கு மூச்சுத் திணறல் கூடியிருக்கிறது, இந்த ராத்திரி தாண்டணும்னு டாக்டர் சொல்றாரும்மா என்றான். எங்கள் விமானத்தில் நடந்ததை அவனிடம் நான் சொல்லவில்லை, வர்றதுக்குக் கொஞ்சம் தாமதமாகும்ப்பா என்று மட்டும் சொன்னேன். அப்பாவிடம், நான் ஏறிடுறேன், நீங்க பஸ்ஸில வாங்க, ஒண்ணும் தப்பில்ல என்றேன். அவர் எழுந்துபோய், அந்த உயரமான பெண்ணின் முன்னால் நின்றார். அவள் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்து எழுந்தாள். இவர் உட்காரச் சொல்லிவிட்டு, "நீ மறுபடி எப்பம்மா ஏறுவே?" என்று கேட்டார். "நாளன்னிக்கு டூட்டி இருக்குங்கய்யா." "பயமா இல்லியா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "பயம் இருக்குங்க. அதனாலதான் வருஷா வருஷம் எங்களுக்கு இதையே பழக்கறாங்க. புகைக்குள்ள நிக்க வச்சு, கண்ணு தெரியாம, இதே தண்ணியை ஊத்த வச்சு. எத்தனையோ தடவை பழகியிருக்கேன், நெஜமா நடந்தது இன்னிக்குதான். பழகின மாதிரியே நடந்துச்சுங்கய்யா" என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியது, முகம் மட்டும் சிரித்தது.

அப்பா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "வண்டி கெட்டுப் போகலை. ஒரு பை கெட்டுப் போச்சு. அதை வண்டியில இருந்தவங்க பாத்துக்கிட்டாங்க. நான் ஓட்டுற வண்டியைவிட இவங்க வண்டியில ஆள் அதிகம் முழிச்சிருக்காங்க" என்றார். "ஏறலாம் வா" என்று பையைத் தூக்கினார். சாலைக்குப் பெயர் கொடுத்திருந்த சிலர் இவர் போவதைப் பார்த்துவிட்டு, நீங்களே ஏறுறீங்களா, அப்ப நாங்களும் வர்றோம் என்று பின்னாலேயே வந்தார்கள். அந்தப் பையனும் வந்தான், அப்பாவுக்குப் பக்கத்து இருக்கைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். விமானம் மேலே ஏறும்போது நான் என் கையை நீட்டி வைத்தேன். அப்பா பிடிக்கவில்லை. அவர் அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். உன் அண்ணன் எங்களைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி என் தோளில் சாய்ந்தான், அப்புறம் தலையை நிமிர்த்தி, ஏம்மா உன் புடவையில புகை வாசனை என்றான். அப்புறம் சொல்றேன்ப்பா, முதல்ல பிள்ளையைக் காட்டு என்றேன். அந்த அறையை எப்படிச் சொல்வது. வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு துளி உயிர், ஒவ்வொன்றைச் சுற்றியும் வயர். நம் பிள்ளை சிவப்பாக, சுருக்கம் சுருக்கமாக, மூடின கண்ணோடு படுத்திருந்தாள். மூக்கில் குழாய், பாதத்தில் ஒரு சிவப்பு விளக்கு. அப்பா கண்ணாடிக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, மிளகு மாதிரி இருக்கா என்றார், அன்றிலிருந்து அவளுக்கு மிளகு என்றே பெயர் நிலைத்துவிட்டது. நின்றுகொண்டிருக்கும்போதே மானிட்டர் கீங் கீங் என்று கத்தியது, எங்கள் மூவருக்கும் உயிரே போய்விட்டது. நர்ஸ் நடந்து வந்து பாதத்தில் இருந்த பட்டையைச் சரியாக ஒட்டினார், சத்தம் நின்றது. "வயர் நழுவினாலே கூப்பிடும்ங்க. கூப்பிடட்டும். இது சும்மா இருந்தாத்தான் எனக்குப் பயம்" என்றார். நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். கரன்ட் போனா இதுல பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், கடைசியா எப்ப சோதிச்சீங்க என்று கேட்டுவிட்டேன். அம்மா, இங்கேயும் வந்து கடையைத் திறக்காதே என்று உன் அண்ணன் என் கையைக் கிள்ளினான். நர்ஸ் கோபப்படவில்லை, இயந்திரத்தைத் திருப்பி, சோதித்த தேதி ஒட்டியிருந்ததைக் காட்டினார். அந்த மாதத் தேதிதான்.

அன்றைக்கே அது வேலைக்கும் வந்தது. மழை பிடித்து, ஒரு கணம் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. ஜெனரேட்டர் பிடிக்கும் வரைக்கும் அந்த அறை முழுக்க இருட்டு, ஆனால் ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் அந்தச் சின்ன எண்கள் மட்டும் எரிந்துகொண்டே இருந்தன, மருந்து ஏற்றுகிற பம்ப் நிற்கவில்லை, நர்ஸுகள் ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் போய் நின்றுவிட்டார்கள். நான் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன் கண்ணு. மேலே வானத்தில் எங்களைக் கொல்லப் பார்த்ததும் ஒரு பேட்டரி, கீழே என் பேத்தியை இருட்டில் தாங்கிப் பிடித்ததும் ஒரு பேட்டரி. இத்தனை வருஷம் அதோடு மல்லுக்கட்டுகிறேன், அதன் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

மிளகு அந்த ராத்திரியைத் தாண்டினாள். அடுத்ததையும் தாண்டினாள். மூக்கிலிருந்து குழாயை எடுத்த அன்று அவள் அழுத அழுகையைக் கேட்டு அண்ணி சிரித்தாள், நாங்கள் அங்கே போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெட்டியிலிருந்து எடுத்து அண்ணி மார்போடு சேர்த்து வைத்தார்கள், அப்புறம் என் கையில் கொடுத்தார்கள், கடைசியாக அப்பா கையில். பஸ் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற கை, அப்படி அசையாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. இப்போது அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். கன்னம் வைத்துவிட்டது. பசி வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. அண்ணியும் நடமாடுகிறாள், போனிலேயே எனக்கு வேலை சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள், அதுவும் சந்தோஷம்தான்.

நாங்கள் ஊருக்குத் திரும்பியதும் விமானத்தில்தான். அதை அப்பா தனியாக எழுதச் சொன்னார். வந்ததும் வராததுமாகப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரிடம் போய் நின்று, என் பஸ்ஸுல பிள்ளைங்களுக்கு அவசரக் கதவு வழியா இறங்கப் பழக்கணும், மாசா மாசம் பழக்கணும் என்று கேட்டிருக்கிறார். அவரும் சரி என்றுவிட்டார். போன வாரம் முதல் பயிற்சி. நான் கடையைச் சாத்திவிட்டுப் பார்க்கப் போனேன். பை இல்லாமல், தள்ளாமல், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக அத்தனை பிள்ளைகளும் பின்கதவு வழியே இறங்கி மரத்தடியில் போய் நின்றார்கள். அதிலே ஒரு வாண்டு, மாமா இன்னொரு தடவை தீப்பிடிக்குமா என்று ஆசையாகக் கேட்டது. மற்ற பஸ் ஓட்டுநர்களும் இப்போது இவரிடம் வந்து கற்றுக்கொள்கிறார்கள். கடையிலும் மாற்றம்தான். விமானத்துல மோப்பம் பிடிச்ச அக்கா என்று பெயர் பரவிவிட்டது, நான் மாற்றச் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் மாற்றுகிறார்கள். மணல் வாளி நிறைந்துவிட்டதால் இன்னொன்று வாங்கியிருக்கிறேன்.

இப்போது பெரிய செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. பள்ளி விடுமுறையில் நாங்கள் இரண்டு பேரும் உன்னிடம் வருகிறோம். நான் கேட்கவில்லை, நான் கெஞ்சவில்லை. அப்பாவே ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பொண்ணு இருக்கற இடத்துக்கு ரெண்டு விமானம் மாறணுமாமே, நடுவுல கடல்தானாமே, பாத்துட்டு வருவோமா என்றார். நான் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, எடுத்திருந்தால் அழுதிருப்பேன். நீ போன இத்தனை வருஷத்தில் உன் அறை எந்தத் திசை பார்த்திருக்கிறது, நீ எந்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளப் போகிறேன். டிக்கெட் வாங்கியாகிவிட்டது, அப்பா அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எடுத்துப் பார்க்கிறார். அவருக்கு ஜன்னல் இருக்கையாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்காதே, கீழே விழுந்து நசுங்கின எதையும் வேலை செய்கிறதே என்று வைத்துக்கொள்ளாதே, வேறு அறிவுரை எதுவும் நான் சொல்லப் போவதில்லை. ஒன்றே ஒன்று மட்டும். முட்டை பொரிக்கும்போதெல்லாம் உன் அறையில் இருக்கும் புகை அலாரம் கத்துகிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டதாகப் போன மாதம் சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் அன்றைக்குச் சேர்ந்து சிரித்தேன். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்த பேட்டரியை மாட்டிவிடு. மாட்டிவிட்டு அதன் பொத்தானை அழுத்து. அழுத்துவதற்கு முன்னால் எனக்குப் போன் செய். இங்கே எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, அது கத்துகிற சத்தத்தை நானும் அப்பாவும் கேட்க வேண்டும்.

நீ நீண்ட ஆயுசோடு, நினைத்ததெல்லாம் கைகூடி, எந்நாளும் நிறைவாக இருக்க வேண்டும். அண்ணனும் அண்ணியும் உன்னை விசாரித்தார்கள். மிளகுக்கு இன்னும் விசாரிக்கத் தெரியவில்லை, அவள் சார்பில் நானே ஒரு முத்தம் வைக்கிறேன்.

இத்தனை வருஷம் உன் வரவை எதிர்பார்த்திருந்து, இப்போது தானே புறப்பட்டு வரும்
உன் அம்மா